ஐம்பத்து நான்கு வயதில் அணிந்த கையுறை



போதகர் ஒருவர் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போய்வருகிறார் என்னும் செய்தி டெல்லித் தமிழ்ச் சபைகளில் சில காலமாக உலாவி வருவதை நான் அறிவேன். கேட்டவர்களில் சிலர் சிரித்தனர், சிலர் வருந்தினர், வயதில் மூத்த சகோதரர் ஒருவர் எனக்காக மூன்று நாள் உபவாசம் இருந்ததாகவும் கேள்விப்பட்டேன். அந்தப் போதகர் நான்தான். பிறர் வாயிலாகத் திரிந்து வரும் செய்தியை விட என் கையால் எழுதியதை நீங்கள் வாசிப்பது நலம் என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதக் குளிரில், ஜங்புராவில் ஒரு விசுவாசியின் வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றேன். வீடு நான்காம் மாடியில். மின்தூக்கி கிடையாது. மூன்றாம் மாடியின் திருப்பத்தில் என் கண்கள் இருண்டன. சுவரைப் பிடித்தபடி படியில் அமர்ந்துவிட்டேன். என்னை அழைத்திருந்த சகோதரி மேலிருந்து இறங்கி வந்து, "ஐயா, தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று கேட்டபோது, பதில் சொல்ல மூச்சு இல்லை. ஜெபிக்கப் போனவனுக்காக அந்த வீட்டார் ஜெபித்து அனுப்பினார்கள்.

மறுநாள் மருத்துவர் என் எடையையும், இரத்த அழுத்தத்தையும், இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். எடை 94 கிலோ. அழுத்தம் 160-க்கு 100. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண் 8.6. "உங்கள் தகப்பனார் எப்படி இறந்தார்?" என்று கேட்டார். பக்கவாதத்தினால் என்றேன். எந்த வயதில் என்றார். 58 என்றேன். எனக்கு அப்போது 54 நடந்துகொண்டிருந்தது. அவர் வேறொன்றும் சொல்லாமல் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

ஊழியக்காரனின் சரீரம் எப்படிக் கெடுகிறது என்பதை ஊழியக்காரன்தான் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நாளொன்றுக்கு ஆறு வீடுகளைச் சந்தித்தால் ஆறு குவளைத் தேநீர். அதுவும் இவ்வூர் வழக்கப்படி சர்க்கரை வழிய. மறுத்தால் மனம் நோகும். இரவு முழுதும் ஜெபம் நடந்த விடியலில் பரோட்டாவும் சால்னாவும். உபவாசக் கூட்டம் முடிந்த மாலையில், விட்டதைப் பிடிக்கும் வேகத்தில் பிரியாணி. நடப்பதென்றால் வீட்டு வாசலிலிருந்து மெட்ரோ நிலையம் வரை. இருபத்தாறு ஆண்டுகளாக நான் செய்த ஒரே கடினமான உடலுழைப்பு, மேடையில் நின்று கையை ஆட்டிப் பிரசங்கித்ததுதான்.

என் தகப்பனாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் வடசென்னையில், இராயபுரத்துப் பக்கம் குடியிருந்தவர்கள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளி. 1960-களில் அவர் குத்துச்சண்டை வீரராகவும் இருந்தார். அந்நாட்களில் வடசென்னையின் குத்துச்சண்டை பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்றது: சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று. ஒவ்வொரு பரம்பரைக்கும் தனி வாத்தியார், தனி மானம், தனிப் பகை. மேடையில் மூன்று நிமிடத்தில் முடியவேண்டிய சண்டை, மேடைக்குக் கீழே மூன்று மாதம் நடந்ததும் உண்டு. இவ்வுலகத்தை 2021-இல் ஒரு திரைப்படம் நாடறியச் செய்தது. சினிமா பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. ஆயினும் என் மகன் அதைக் கைப்பேசியில் போட்டுக் காட்டியபோது, தாத்தாவின் தெருவைத் தேடும் ஆவலில் நானும் சற்று நேரம் பார்த்துவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

1971-இல் அப்பா இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற வாரத்திலேயே குடியை விட்டார், பந்தயத்தை விட்டார், மேடையை விட்டார். கையுறைகளையும், வீட்டின் பின்புறம் தொங்கிய மணல் மூட்டையையும், ஸ்கிப்பிங் கயிற்றையும் ஒருவருக்கும் கொடாமல் கொல்லையிலிட்டுக் கொளுத்தினார் என்று அம்மா சொல்லுவார்கள். எனக்கு அப்போது இரண்டு வயது. ஆகையால் என் தகப்பனார் குத்துச்சண்டை செய்து நான் பார்த்ததேயில்லை. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் இறங்கினார். எங்கள் தெரு முழுவதும் புறப்பட்டுப் போயிற்று. பதினொரு வயதுச் சிறுவனாகிய நான் அழுதேன். அப்பா கதவைச் சாத்திவிட்டு வேதாகமத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கைகளை அன்று உற்றுப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு முஷ்டிகளும் மூடியிருந்தன.

அவர் மேடையை விட்டதைக் குறித்து எனக்கு எக்காலத்திலும் குறையில்லை. அந்த மேடையைச் சுற்றியிருந்த சாராயமும் பகையும் என் தாயை எவ்வளவு அழவைத்தன என்பதை நான் அறிவேன். ஆனால் கயிற்றையும் ஏன் கொளுத்தினார்? மேடை வேறு, கயிறு வேறு என்று அவருக்குச் சொல்ல அன்று சபையில் ஒருவருமில்லை. தினமும் விடியற்காலையில் கடற்கரை மணலில் ஓடிய மனிதர், அதன்பின் ஓடவேயில்லை. சாப்பாடு மட்டும் வீரருடைய சாப்பாடாகவே இருந்தது. உடல் பருத்தது. 1998-இல், 58-ஆம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வலது பக்கம் விழுந்தது. எட்டு நாட்கள் கழித்து மரித்தார். மருத்துவர் வயதைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தது அந்தக் கொல்லை நெருப்புத்தான்.

மருத்துவர் எனக்கு நடைப்பயிற்சியைத்தான் சொன்னார். பூங்காவில் நடந்தேன், பத்து நாளில் அலுத்துவிட்டது. போகல் கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் சிறு பயிற்சிக்கூடம் இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போவேன். உள்ளேயிருந்து தோலில் தோல் மோதும் ஓசை வரும். ஒருநாள் படியிறங்கிப் போனேன். பயிற்சியாளர் அரியானாவின் பிவானியைச் சேர்ந்தவர், முப்பது வயதிருக்கும். பிவானி எப்படிப்பட்ட ஊர் என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் குத்துச்சண்டைப் பதக்கத்தைப் பெற்ற விஜேந்தர் சிங் அவ்வூர்க்காரர். நான் சேர்ந்த அடுத்த மாதமே, 2023 மார்ச்சில், பெண்களுக்கான உலகக் குத்துச்சண்டைப் போட்டிகள் இதே டெல்லியில் நடந்தன. நிகத் ஜரீன், லவ்லினா, நீத்து, சவீட்டி என நான்கு இந்தியப் பெண்கள் தங்கம் வென்றனர். நீத்து பிவானி மாவட்டத்துப் பெண் என்பதால் எங்கள் பயிற்சியாளர் அன்று எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நான் சர்க்கரை வியாதியைக் காட்டி மறுத்தேன். "அப்படியானால் பாதிரிஜி கற்றுக்கொண்டிருக்கிறார்" என்றார்.

அவர் முதல் நாளில் கேட்டது மருத்துவரின் கடிதம். அழுத்தம் மருந்தினால் கட்டுக்குள் வரும் வரை கையுறையைத் தொடவிடவில்லை. மூன்று வாரம் வெறும் நடையும் தோள்பட்டைச் சுழற்சியும்தான். பிறகு கைப்பட்டை கட்டக் கற்றுக்கொடுத்தார். நாலரை மீட்டர் நீளமுள்ள துணிப்பட்டை. மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளில் மூன்று சுற்று, விரல்களுக்கிடையே புகுத்தி மறுபடியும் மணிக்கட்டு. வீட்டில் என் மனைவி அதைப் பார்த்து, "என்னங்க, அடிபட்டுவிட்டதா?" என்று பதறினாள். அடிபடாமலிருக்கத்தான் கட்டுவது என்று விளக்கியபின்னும் அவளுக்கு நெடுநாள் நம்பிக்கை வரவில்லை.

குத்து என்பது கையில் இருக்கிறது என்றே நான் எண்ணியிருந்தேன். அது காலில் தொடங்குகிறது. பின்னங்கால் தரையை உந்த, இடுப்பு திரும்ப, தோள் பின்தொடர, கை கடைசியாகப் போகிறது. போன வழியே உடனே திரும்பிக் கன்னத்தருகே வந்துவிடவேண்டும். இந்தத் திரும்பி வருவதுதான் கடினம். குத்திய கை அப்படியே கீழே தொங்கிவிடும். அப்போதெல்லாம் பயிற்சியாளர், "ஹாத் ஊப்பர், பாதிரிஜி! ஹாத் ஊப்பர்!" என்று கத்துவார். கையை மேலே வை என்பது பொருள். முதல் மாதத்தில் என் பெயரே அதுதானோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

மூன்று நிமிடம் பயிற்சி, ஒரு நிமிடம் ஓய்வு. இங்கிலாந்தில் 1867-இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகளில் கையுறையோடு சேர்த்து விதிக்கப்பட்ட கணக்கு இது. மூன்று நிமிடம் எவ்வளவு நீளமானது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். இரண்டு மணி நேரம் பிரசங்கிப்பவன் நான். மூட்டையின் முன்னே நாற்பதாவது விநாடியில் கடிகாரத்தைப் பார்த்தேன். குத்தும்போது மூச்சை அடக்கக்கூடாது, ஒவ்வொரு குத்துக்கும் சிறிதாக வெளியே விடவேண்டும் என்றார்கள். அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது முக்கியம். மூச்சை அடக்கிப் பலத்தைக் காட்டினால் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

இனி, எழுந்த எதிர்ப்பைச் சொல்லுகிறேன். உபவாசமிருந்த அந்த மூத்த சகோதரர், மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர், ஒரு மாலை வீட்டிற்கு வந்தார். "ஐயா, தவறாக எண்ணக்கூடாது" என்று தொடங்கி, சரீர முயற்சியைக் குறித்துப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதை எனக்கு நினைவுபடுத்தினார். அதன் பயன் அற்பமென்று அங்கே இருக்கிறதே என்றார். இருக்கிறது, மறுக்கவில்லை. அற்பம் என்றால் இல்லை என்று பொருளல்லவே என்று கேட்டேன். அற்பமான பயனாவது என் தகப்பனாருக்குக் கிடைத்திருந்தால் அவர் தம் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருப்பார். இந்தக் கடைசி வாக்கியத்தை அவரிடம் சொல்லவில்லை, தொண்டை அடைத்துவிட்டது.

வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்த நாட்களில், கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை வரிக்கு வரி அலசியிருக்கிறேன். கொரிந்துவுக்கு அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடைபெறும். கைகளில் தோல்வாரைச் சுற்றிக்கொண்டு மோதும் குத்துச்சண்டையும் அதில் உண்டு. பவுல் அங்கே தன்னை ஒப்பிடுவது குத்துச்சண்டைக்காரனுக்கே. கிரேக்கச் சொல் அதுதான். நம் முன்னோர் அதைத் தமிழாக்கியபோது சிலம்பம் என்று வைத்தார்கள். தமிழனுக்கு அன்று தெரிந்த வீர விளையாட்டு அது. மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிலம்பத்தின் பின்னே குத்துச்சண்டை மறைந்திருப்பதால், நம் மக்களில் அநேகர் அது வேதத்தில் இருப்பதையே அறியாமல் போனார்கள். அடுத்த வசனத்தில் அவர் தன் சரீரத்தைக் குறித்துப் பயன்படுத்தும் வினைச்சொல்லுக்கு, கண்ணுக்குக் கீழே குத்துவது என்பதே வேர்ப்பொருள். நீதியற்ற நியாயாதிபதி அந்த விதவையைக் குறித்துப் பயந்து சொல்லும் சொல்லும் அதுவே. இதைக் கேட்டு அந்தச் சகோதரர் சிரித்துவிட்டார். சம்மதித்தார் என்று சொல்லமாட்டேன். தேநீர் குடித்தார், சர்க்கரையில்லாமல்.

அவருடைய பயத்தில் நியாயமும் உண்டு. குத்துச்சண்டையில் தலைக்கு அடி விழும். முகமது அலிக்கு 1984-இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. 2016-இல் மரிக்கும் வரை நடுங்கும் கைகளோடு வாழ்ந்தார். மேடையில் வாங்கிய அடிகளே காரணமா என்று மருத்துவர்கள் இன்றளவும் விவாதிக்கிறார்கள். ஆகவே நான் ஒருவரோடும் மோதுவதில்லை. என்னை எவரும் அடிப்பதில்லை, நானும் மூட்டையையும் பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பட்டைகளையும் தவிர எதையும் அடிப்பதில்லை. அதே பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்காகவே அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 2006-இல் ஸ்காட் நியூமன் என்னும் வழக்கறிஞர், தமக்கு அந்நோய் வந்தபின், ஒருவரையொருவர் அடிக்காத குத்துச்சண்டைப் பயிற்சியைத் தொடங்கினார். சமநிலைக்கும் கால் நகர்வுக்கும் அது உதவுகிறதென்று இன்று பல நாடுகளில் நடத்துகிறார்கள். அலியை வாட்டிய நோய்க்கு அலியின் கலையே ஊன்றுகோலானது வியப்புத்தான்.

என் நிலையையும் மிகைப்படுத்தாமல் சொல்லிவிடுகிறேன். எடை 94-இலிருந்து 83-க்கு வந்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. சர்க்கரை எண் 6.9. மருந்து நிற்கவில்லை, குறைந்தது. நின்றுவிட்டதாகச் சாட்சி சொல்லச் சிலர் தூண்டினார்கள், அது பொய்ச்சாட்சி. முழங்கால் வலியினால் ஸ்கிப்பிங் கயிற்றை ஆறு மாதம் தள்ளிவைத்தேன். சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தைத் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஒரு கொப்புளத்தைக் கவனியாமல் விட்டு மூன்று வாரம் அவதிப்பட்டேன். பையில் எப்போதும் வெல்லக்கட்டி வைத்திருக்கிறேன், சர்க்கரை திடீரென இறங்கினால் போட்டுக்கொள்ள. நவம்பரில் காற்றின் தரக்குறியீடு 400-ஐத் தாண்டும் நாட்களில் எவரும் ஓடக்கூடாது என்று பயிற்சியாளர் கூடத்தையே பூட்டிவிடுகிறார். இந்த ஊரில் அதுவும் ஒரு பயிற்சிதான் போலும், சும்மா இருக்கும் பயிற்சி.

2024-இல் என்னோடு ஒரு வாலிபனும் வரத் தொடங்கினான். பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராசி கேம்பில் வளர்ந்தவன். பெற்றோர் விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தாய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். பையனுக்குக் கோபம் அதிகம். இரண்டு வேலைகளைக் கைகலப்பினால் இழந்திருந்தான். இவனுக்குக் குத்தக் கற்றுக்கொடுப்பது நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகுமோ என்று நான் உண்மையிலேயே தயங்கினேன். பயிற்சியாளரிடம் கேட்டேன். "கோபக்காரன் இரண்டாம் நிமிடத்தில் களைத்துவிடுவான், பாதிரிஜி. அவனே கற்றுக்கொள்வான்" என்றார். அப்படியே நடந்தது. வெறியோடு மூட்டையைத் தாக்கியவன், முதல் வாரம் முழுதும் மூன்று நிமிடத்தை முடிக்கவேயில்லை.

2025 ஜூன் 1-ஆம் தேதி, நீதிமன்ற ஆணையின்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள்; அவற்றில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கே நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கப்பட்டது. விடியற்காலையிலிருந்து நானும் அங்கே நின்றேன். பாத்திரமும் பெட்டியும் கட்டிலும் தெருவில் கிடந்தன. இயந்திரம் அவர்கள் வீட்டுச் சுவரைத் தொட்ட கணத்தில் அவன் தாய் கதறினார்கள். நான் அவன் பக்கம் பார்த்தேன். அவனுக்கு எதிரே வரிசையாகக் காவலர்கள். என் தகப்பனாரின் மடியில் கண்ட அதே மூடிய முஷ்டிகள். நான் நெருங்குவதற்குள் அவன் இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்திக் கன்னத்தின் இருபுறமும் வைத்துக்கொண்டான். மூச்சை விட்டுவிட்டு வாங்கினான். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு போய்த் தாயின் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டான். அன்றிரவு அவனிடம் அதைப்பற்றிக் கேட்டேன். "கை கீழே போனால் அடித்திருப்பேன், பாஸ்டர். அதனால்தான் மேலேயே வைத்திருந்தேன்" என்றான்.

அவர்களுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. ஜங்புராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தாயின் வேலை வீடுகளெல்லாம் இங்கேயே நின்றுபோயின. பயிற்சிக்கூடமும்தான். அவனுக்கென்று ஒரு கயிறு வாங்கிக்கொண்டு சென்ற மாதம் போனேன். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் அரிசிச் சாக்கில் பழந்துணியைத் திணித்து அவனே ஒரு மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தான். கீழே பிள்ளைகள் நால்வர் வேடிக்கை பார்க்க ஏறி வந்தனர். "நீங்கள் முதலில் ஆரம்பியுங்கள், பாஸ்டர்" என்று கைப்பேசியில் மூன்று நிமிடத்தை வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். இரண்டு குத்து, மூன்றாவது குத்து, வலது கை கீழே இறங்கியிருக்க வேண்டும்.

"ஹாத் ஊப்பர்!" என்று கத்தினான். பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்.